லட்டுவுக்குப் போர்வை போர்த்தும் முன்

பாப்பா,

நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "இங்க சிக்னல் சரியில்லைம்மா" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "லட்டுவை இங்க அனுப்புறீங்களா, இல்லையாப்பா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றாய். ஒரே வார்த்தையில் பேசுகிற பழக்கம் நம் குடும்பத்தில் யாருக்கு இருந்திருக்கிறது? உன் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே நான் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை படிக்கட்டும், நீங்கள் இருவரும் பாடம் நடத்துகிற அந்தக் குன்னூர்ப் பள்ளியின் குதிரை லாயத்தில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கு என்னையும் தெரியாது, லட்டுவையும் தெரியாது. ஆகையால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். அலுத்துக்கொள்ளாமல் படி.

அவர்களிடம் முதலில் இதைச் சொல்லு. "என் அப்பா பந்தல்காரர், குதிரைக்காரர் இல்லை" என்று. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு நிழல் கொடுத்தவர் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம், தப்பில்லை. ஷாமியானா, சைடு துணி, நாற்காலி உறை, தார்ப்பாய் என்று என் வாழ்க்கையே துணியோடு போனது. எந்தத் துணி காற்றை விடும், எது மழையைத் தடுக்கும், எது ஒரே முகூர்த்தத்தில் சாயம் போகும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தக் கர்வத்தால்தான் லட்டுவின் உடம்பில் நான் செய்த சோதனைகள் எல்லாம் நடந்தன. நீ கல்லூரிக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேளம்பாக்கம் தாண்டிக் குதிரையேற்றம் பழகப் போனாயே, அந்த இடத்தை மூடப்போகிறார்கள் என்றதும், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு கிழட்டுக் குதிரையோடு வந்து நின்றாய். ஏரிக்குப் பக்கத்தில், நம் வீட்டை ஒட்டிய பந்தல் சாமான் கிடங்குக்குப் பின்னால் பழைய மாட்டுக் கொட்டகை சும்மா கிடந்தது. "கொஞ்ச நாளைக்குத்தாம்பா" என்றாய். பந்தயத்தில் அதற்கு ஏதோ மூன்று வார்த்தையில் ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. உங்கம்மாவின் வாயில் அது நுழையவில்லை. கல்யாண வீட்டுப் பையிலிருந்து அவள் நீட்டிய லட்டை அது அப்படியே வாங்கித் தின்றது. அன்றைக்கே பெயர் மாறிவிட்டது.

அந்த ஐப்பசி மழை நினைவிருக்கிறதா? கொட்டகை ஒழுகியது. நான் என்ன செய்தேன்? பந்தல் மேல் போடுகிற நீலத் தார்ப்பாயில் ஒன்றை மடித்து, லட்டுவின் முதுகில் போட்டு, நைலான் கயிற்றால் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று உன்னிடம் மார் தட்டினேன். உண்மைதான், போகவில்லை. உள்ளே இருந்ததும் வெளியே போகவில்லை. மழை விட்டபின் தார்ப்பாயைத் தூக்கினால், இட்லிக் குண்டானைத் திறந்தது போல ஆவி வந்தது. அதன் முதுகெல்லாம் நனைந்து, முடி திட்டுத் திட்டாக ஒட்டி, கொஞ்ச நாளில் படை படையாகத் தோல் உரிந்தது. நீ என்னோடு பேசாமல், சாப்பாட்டுத் தட்டை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாய். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது உன் அம்மா வழி. ஆனால் அன்றைக்கு நியாயமான கோபம். கல்யாணப் பந்தலுக்கு அடியில் மனிதர்கள் நாலு பக்கமும் திறந்த காற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிரைக்குப் போர்த்துவதோ தோலோடு தோலாக ஒட்டிக்கிடப்பது. அந்த வித்தியாசம் பந்தல்காரனுக்கு உறைக்கவில்லை. அங்கே மழைப் போர்வை வாங்கும்போது தண்ணீர் விடாத துணியா என்று மட்டும் கேட்காதே. உள்சூட்டை வெளியே விடுமா என்று கேள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தால் அடுத்த கடைக்குப் போ. நனைந்த குதிரைக்கு மேலே எவ்வளவு நல்ல மழைப் போர்வையானாலும் போடாதே. முதலில் துடை, உலரவை, பிறகு போர்த்து.

தார்ப்பாய்க்குப் பரிகாரமாகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், பட்டாளத்துக் கம்பளி ஒன்றை வாங்கி வந்தேன். நல்ல கனம், நல்ல முரடு. லட்டுவின் தோல் உங்கம்மாவின் கல்யாணப் புடவையை விட மெல்லிசு. பந்தயக் குதிரைகளே அப்படித்தானாம். அந்தக் கம்பளியை அது ஒரு பொழுதுகூடச் சகிக்கவில்லை, சுவரில் உரசி உரசியே இழுத்துப் போட்டது. பிறகு நீ சொன்னபடி உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்தோம். வார் போடுவதற்காகக் கண்டோன்மென்ட் பக்கம் தோல் வேலை செய்யும் பாயிடம், லட்டுவையே ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். தெருவே திரண்டுவிட்டது. நான் கயிற்றைக் கட்டியிருந்த அழகைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார், இப்டி இறுக்கிக் கட்டிக்கினு வந்துகீற? அது மூச்சு வுட வேணாமா? கை நொயையணும் சார், கை!" என்று தன் கையையே வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் விட்டுக் காட்டினார். லட்டு அந்த நேரம் பார்த்து அவர் தோளில் இருந்த துண்டைக் கடித்து இழுத்தது. "பார்ரா, தேங்க்ஸ் சொல்லுது" என்றார்.

அளவு விஷயத்தில் அவர் கற்றுக்கொடுத்ததைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் டேப்பைப் பிடித்து, பின்பக்கம் வால் தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும். பிடரி முடிகிற இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அதன்மேல் போர்வை அழுந்தவே கூடாது. வயிற்று வாரில் கை நுழைய வேண்டும், ஆனால் கால் நுழையக் கூடாது. தொளதொள என்று தொங்கினால், படுத்து எழும்போது காலை அதில் மாட்டிக்கொள்ளும். தோள்பட்டையில் முடி தேய்ந்து பளபள என்று தெரிந்தால் போர்வை சின்னது என்று அர்த்தம். குதிரை வளர்ந்துவிட்டது என்று நினைக்காதே, அந்த வயதில் அது எங்கே வளரப்போகிறது?

அடுத்து மார்கழி. இந்த இடத்தில் உங்கம்மாவை வம்புக்கு இழுக்காமல் முடியாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்குக் குளிர்ந்தால் உனக்கு ஸ்வெட்டர் போடுவாள். நீ வேர்த்து விறுவிறுத்து, குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கழற்றி எறிவாய். "பனி இறங்கிடும்" என்று அவள் திரும்பவும் மாட்டுவாள். பனி ஏதோ உன் தலையையே குறி பார்த்துச் சிட்லபாக்கத்துக்கு வந்தது போல. அதே வேலையை லட்டுவிடம் செய்தது யார் தெரியுமா? நீதான். உனக்குப் பல் கிட்டியது என்று, பஞ்சு வைத்துத் தைத்த குளிர்ப் போர்வை ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்துப் போர்த்தினாய். வெளிநாட்டில் பனி கொட்டும் ஊர்க் குதிரைக்குத் தைத்தது. நம் ஊர் மார்கழிக்கு அது ஆகுமா? காலையில் வந்து பார்த்தால் லட்டுவின் நெஞ்செல்லாம் வேர்வை. அன்றைக்குத்தான் நாம் இருவரும் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டோம். உன் காதையோ மூக்கையோ தொட்டுப் பார்த்து அதன் குளிரைக் கணக்குப் போடாதே. அதன் காதைத் தொட்டும் முடிவு பண்ணாதே, காது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். போர்வைக்கு அடியில், தோளுக்குப் பின்னால் உள்ளங்கையை வை. இதமாக, உலர்ந்து இருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால் கழற்று. நல்ல தீனி தின்று நல்ல முடியோடு நிற்கிற குதிரை, குளிரை நம்மைவிட நன்றாகச் சமாளிக்கும். போர்வை போட்டு நாம் அடிக்கடி தணிப்பது நம் மனசின் குளிரைத்தான்.

உன் கல்யாணத்திலும் போர்வைச் சண்டை வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியின் முன்னால் லட்டு நடந்து வர வேண்டும் என்று பெரியப்பா ஆசைப்பட்டார். அதுவரை சரி. அண்ணன் ஆசை தம்பிக்குக் கட்டளை. ஆனால் அவர் வாடகைக்கு எடுத்து வந்த அலங்காரத் துணியைப் பார்த்தாயல்லவா? சிவப்பு வெல்வெட், கண்ணாடிச் சில்லு, ஜரிகைக் குஞ்சம், காது வரைக்கும் மூடுகிற மாதிரி. கோயிலில் மரக்குதிரை வாகனத்துக்குச் சாத்துகிற பட்டைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். மரக்குதிரைக்கு வேர்க்காது, இதற்கு வேர்க்குமே! நான் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டு நின்றேன். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்த கோலத்தில் நீ வெளியே வந்தாய். "பெரியப்பா, நீங்க முதல்ல இதைப் போத்திக்கிட்டு அந்த ஜெனரேட்டர் லைட்டு முன்னாடி மண்டபம் வரைக்கும் நடங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவனுக்குப் போடலாம்" என்றாய். கூடியிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பெரியப்பாவும் சிரித்தார். கடைசியில் லட்டு, கழுத்தில் ஒரு சாமந்தி மாலையோடு மட்டும் நடந்து வந்தது. அந்த மாலையில் பாதியை மண்டபம் போவதற்குள் தின்றும் விட்டது. நீ தாலி கட்டிக்கொண்டபோது நான் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். பந்திக்கு நாற்காலி போதவில்லை, அதனால் நேரம் கிடைக்கவில்லை. அதுதான் உண்மை.

நீங்கள் மலைக்குப் போன பிறகு எனக்கும் லட்டுவுக்கும் ஒரு நடைமுறை அமைந்துவிட்டது. விடிந்ததும் ஏரிக்கரையில் ஒரு நடை, வெயில் தாழ்ந்ததும் கிடங்கு முற்றத்தில் வட்டமாகக் கொஞ்சம் ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் ஒரு மெல்லிய பருத்தித் துணியை அதன்மேல் போடுவேன். கலர் போன பழைய மேடைத் துணி, துவைத்துத் துவைத்து மல் துணி போல மெல்லிசாகிப் போனது. அது வேர்வையை உறிஞ்சும், காற்றையும் விடும், அதன் உடம்பு மெல்ல ஆறும். எடுக்கும்போது துணி நன்றாக நனைந்திருக்கும். உங்கம்மா அதை மூக்கைப் பொத்திக்கொண்டு துவைத்துக் கொடியில் போடுவாள். "ஊர்ல எல்லார் வூட்டுக் கொடிலயும் புடவை காயுது, நம்ம வூட்டுல குதிரை வேர்வை காயுது" என்று தினமும் ஒரு பாட்டு. மேல்வீட்டு பேங்க் சாருக்குக் கேட்கிற மாதிரிதான் பாடுவாள். நான் காது கேளாதவன் போல லட்டுவின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருப்பேன். பேச்சுத் துணைக்கு அது போதும் என்று இருந்தது. நீ இல்லாத வீட்டில் அந்த இரண்டு நேரமும்தான் எனக்குப் பொழுதாக இருந்தன, பாப்பா. இதை நான் உன்னிடம் போனில் சொன்னதே இல்லை.

சித்திரையில் ஒருநாள் ஓட்டம் முடிந்து துணியை எடுத்தேன். உலர்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அக்கினி வெயிலில் ஊரே வேர்த்துக் கொட்டும்போது நம் பிள்ளைக்கு மட்டும் வேர்க்கவில்லை, மெட்ராஸ் வெயிலுக்குப் பழகிவிட்டான், துணியும் சரியான துணி என்று உங்கம்மாவிடம் பெருமையடித்தேன். அவளுக்குத் துவைக்கிற வேலை மிச்சம், அவளும் ஒன்றும் கேட்கவில்லை. நமக்கு வேர்வை என்றால் அவஸ்தை, வேர்க்கவில்லை என்றால் சுகம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படி யோசிக்கத் தோன்றும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு சூட்டில் வெந்துகொண்டிருந்தது, நான் அதைப் பொன்னாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. சும்மா நிற்கும்போதே மூக்குத்துளை விரிந்து விரிந்து மூச்சு வாங்கியது. தீனியில் பாதி அப்படியே கிடந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் பந்தல் வைத்தியம்தானே! ரிசப்ஷன்களில் தண்ணீர்ப் புகை விடுகிற பெரிய ஃபேன் ஒன்றைக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தேன். மேல்வீட்டு பேங்க் சார் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை தயார், பொண்ணு எப்ப வரும்?" என்றார். சிரித்தோம். ஆனால் ஃபேனை நிறுத்தியதும் அது மறுபடி மூச்சு வாங்கியது. அப்புறம்தான் நீ ஏற்பாடு செய்த அந்தக் கால்நடை டாக்டரம்மா வந்தார். துணியைத் தூக்கி, கழுத்திலும் தோளுக்குப் பின்னாலும் கை வைத்துப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து வேர்க்கலை?" என்றார். நான் ஏதோ நல்ல செய்தி சொல்வது போலச் சித்திரையிலிருந்து என்றேன். "சார், குதிரைக்கு வேர்வைதான் ஏசி. உள்ள இருக்கிற சூட்டை அதுதான் வெளிய தள்ளும். கடலோர ஊர்ப் புழுக்கத்துல சில குதிரைக்கு இப்படி வேர்வையே நின்னுபோயிடும். இவனுக்கு நின்னுபோச்சு" என்றார். மருந்து கேட்டேன். "தண்ணி ஊத்துங்க, ஃபேன் போடுங்க, வெயில்ல விடாதீங்க, ஓட்டாதீங்க. இப்போதைக்கு இப்படிச் சமாளிக்கலாம். ஆனா இவனுக்கு நிம்மதின்னா அது குளிர்ந்த ஊர்லதான். பெரும்பாலும் அங்க போனா வேர்வை திரும்பிடும். அந்த மாதிரி ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டார். உங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

இதெல்லாம் நடந்தது வைகாசியில். இப்போது ஆனி முடியப்போகிறது. இடையில் நீ கேட்டபோதெல்லாம் நான் சொன்ன பதில்களை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அங்கே மழைக்காலம் என்றேன். கொண்டை ஊசி வளைவில் வேன் ஆடும், வயதான குதிரைக்குத் தாங்காது என்றேன். டாக்டரம்மா பயணம் போகலாம் என்று சொன்ன பிறகு, ஆடி பிறந்தால் ஆகாது, ஆவணியில் பார்க்கலாம் என்றேன். குதிரைக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். காரணம் ஒன்றே ஒன்று. நீயும் போய், அதுவும் போய்விட்டால் விடிந்ததும் நான் யாரைப் பார்க்க எழுந்து போவது?

நேற்று உன் போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஓட்டம் இல்லை என்றாலும் பழக்க தோஷத்தில் அந்தத் துணியைப் போட்டு, மேலே உனக்குச் சொன்ன அதே இடத்தில், தோளுக்குப் பின்னால், உள்ளங்கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டி எடுத்த இடம் போலச் சுட்டது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. லட்டு தலையைத் திருப்பி என் சட்டைப் பையை முகர்ந்தது, உள்ளே லட்டு உருண்டை இருந்தும் வாங்கித் தின்னவில்லை. உங்கம்மா காப்பியோடு வந்தாள். இத்தனை வருஷத்தில் அதன் வாய்க்கு நீட்டியிருக்கிறாளே தவிர, உடம்பைத் தொட்டவள் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் கையைத் தள்ளி, தன் கையை அந்தத் துணிக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி கொதிக்குதுங்க. இவனை இப்படி நிக்க வெச்சிக்கிட்டு நாம என்ன கொண்டாடப் போறோம்? அனுப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஆகவே நீ கேட்ட ஒரே வார்த்தை இதோ. அனுப்புகிறேன். வரும் வாரம், விடியற்காலைக் குளிர்ச்சியில் வேன் கிளம்பும். வழியில் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டி, அவசரப்படாமல் வருவார்கள். நானும் கூட வருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு கட்டில் போட்டுவை, ஆனால் நிரந்தரமாகப் போட்டுவிடாதே. இங்கே முகூர்த்தங்கள் இருக்கின்றன.

இனி லாயத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அது வந்து இறங்கியதும், ஐயோ குளிர் என்று இருக்கிற போர்வையையெல்லாம் அடுக்காதீர்கள். அது சூட்டோடு வருகிற பிள்ளை. முதலில் மலைக்காற்று அதன் தோலில் படட்டும். நனைவதும் காற்றும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து. அந்த நாட்களுக்கு மட்டும், உள்சூட்டை வெளியே விடுகிற அந்த மழைப் போர்வை. மேய்ச்சலில் ஒதுங்க ஒரு கூரை இருந்தால் இன்னும் நல்லது. முடியைக் கத்தரித்துவிடாதீர்கள். பனிக்காலத்துக்குள் அதுவே தனக்கு ஒரு போர்வை வளர்த்துக்கொள்ளும், அதற்கு நேரம் கொடுங்கள். ஆனாலும் வயதானது, தோல் மெல்லிசு. பனி கடுமையாக விழும்போது பஞ்சு வைத்த போர்வை வேண்டியிருக்கும். பரணில் கிடந்த உன்னுடைய அந்த வெளிநாட்டுப் போர்வையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். சிட்லபாக்கத்தில் கோமாளித்தனமாக இருந்தது, குன்னூரில் மரியாதையாக இருக்கும். துணி நல்ல துணிதான் பாப்பா, நாம்தான் தப்பான ஊரில் போர்த்தினோம்.

போடும்போது பிடரிப் பக்கம் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்பக்கமாக இழு, முடி படிந்து உட்காரும். முன்பக்கம் இழுத்தால் முடி எதிர்த்து நிற்கும், நாள் முழுக்க அரிக்கும். முதலில் நெஞ்சு வார், பிறகு வயிறு, கடைசியில் கால். கழற்றும்போது தலைகீழாக, கால் வாரிலிருந்து தொடங்கு. பாதி கழற்றிவிட்டு யாராவது கூப்பிட்டார்கள் என்று போகாதே. தினமும் ஒரு தடவை முழுதாகக் கழற்றி, தேய்த்து, தோலைப் பார்த்த பிறகே மறுபடி போர்த்து. தார்ப்பாய்க்காரனின் பெண் இதை மறக்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஒரு போர்வை ஈரமானால் மாற்ற இன்னொன்று கையில் இருக்கட்டும். வாசனை சோப்பு போட்டுத் துவைக்காதே, அதன் தோலுக்கு ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடனே குதிரையும் புருஷனும் ஒன்றா என்று சண்டைக்கு வராதே. மாப்பிள்ளை மலையில் பிறந்தவர், அவர் மெல்லிய சட்டையோடு நடப்பார். நீ இரண்டு ஸ்வெட்டரில் நடுங்குவாய். உன் குளிருக்கு அவரைப் போர்த்தாதே, அவருக்குக் குளிரவில்லை என்று உன் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால் நீயும் கேட்காதே. ஒருத்தர் முகத்தைப் பார்த்தே சௌக்கியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் ஒரு துணி உலர்ந்திருந்ததைப் பார்த்து அப்படித்தான் முடிவு கட்டினேன்.

லட்டுவோடு அந்தப் பழைய மேடைத் துணியும் வருகிறது. கலர் போனது என்று லாயத்தில் யாராவது தூக்கிப் போட்டுவிடப்போகிறார்கள், சொல்லிவை. நான் திரும்பிய பிறகு, அதன் உடம்பு தேறியதும், மாலையில் கொஞ்சம் நடத்திவிட்டு அதை மேலே போடு. எடுத்துப் பார். முதலில் உலர்ந்துதான் இருக்கும், மனம் விட்டுவிடாதே. மறுநாளும் போடு, அடுத்த வாரமும் போடு. என்றைக்கு அந்தத் துணி நனைந்து வருகிறதோ, அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு. சிக்னல் நன்றாகவே இருக்கும்.

எழுதி முடித்ததும் உங்கம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். துணியைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "நனைஞ்ச துணியை அவளைத் துவைக்க வேணாம்னு எழுதுங்க. அப்படியே ஒரு பையில போட்டு பஸ் பார்சல்ல அனுப்பச் சொல்லுங்க. நான் துவைச்சிக்கிறேன்" என்றாள். வந்து சேர்வதற்குள் அது காய்ந்துபோகுமே என்றேன்.

"காஞ்சா என்னங்க? நாத்தம் இருக்குமில்ல" என்று சொல்லிவிட்டு, கொடியில் இருந்த புடவைகளை ஓரமாக நகர்த்த ஆரம்பித்தாள்.

உன்
அப்பா